மான்கொம்புப் பவளமும் ரெண்டு புத்தகங்களும்

அம்பத்தூரில் பெரியம்மா வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளைப் பவளக் கிளை இருக்கு. எண்பதுகளில் ராமேஸ்வரம் போனப்போ கடையில் வாங்கினது. (2001-லேயே கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தாச்சு. இப்போ யாரும் வாங்கக் கூடாது.) சில வருஷம் முன்னாடி அதை ‘அக்ரோபோரா ஃபார்மோசா’ என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்று பார்க்கும்போது, நான் நம்பிய புத்தகத்தையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டியிருக்கு.

பேரினத்தில் குழப்பம் இல்லை. அக்ரோபோரா என்ற பெயருக்கே ‘நுனித் துளை’ என்றுதான் பொருள். ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் ஒரு கிண்ணம், அதைச் சுற்றிப் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். போசிலோபோராவும் மான்டிபோரா டிஜிடேட்டாவும் கிளை விடும், ஆனால் அவற்றுக்கு இந்த உச்சிக் கிண்ணம் கிடையாது.

சிக்கல் அடுத்த படியில். லின்னேயஸ் 1758-ல் வைத்த பெயர் ‘முரிக்கேட்டா’. டானா 1846-ல் வைத்தது ‘ஃபார்மோசா’. இரண்டும் ஒன்றே, எனவே பழைய பெயரே நிற்கும் என்பது கார்டன் வாலஸ் 1999-ல் எழுதிய மான்கொம்புப் பவள நூலின் முடிவு. அடுத்த வருஷமே வந்த வெரானின் மூன்று தொகுதி ‘கோரல்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஃபார்மோசாவை வைத்துக்கொண்டது. இத்தனைக்கும் 1984-ல் கிழக்கு ஆஸ்திரேலியப் பவளங்கள் பற்றி இருவரும் சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள்!

வெரானின் பலம் கடலுக்குள் உயிரோடு இருக்கும் பவளத்தைக் காட்டுவது. ஒரே இனம் அமைதியான தண்ணீரில் மெலிந்து நீண்டும், அலை அடிக்கும் இடத்தில் தடித்துக் குட்டையாகவும் வளரும் என்பதை என்னை மாதிரி ஆளுக்குப் புரிய வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த அழகான படங்களே பொறி. ‘ஆமா, இதேதான்’ என்று பக்கத்தை மூடிவிடுகிறோம். அந்த நூலின் புதிய இனங்களுக்கான விவரிப்புகளே 2002-ல் தனிநூலாக வர வேண்டியிருந்தது. வாலஸ் அருங்காட்சியக மாதிரிகளை வைத்துப் பேசுகிறார். படிக்க வறட்சிதான். ஆனால் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று தெரியும், நாம் மறுத்தும் பேசலாம். அடையாளம் காண்பதற்கு எனக்கு இப்போ வாலஸ்தான் முதலில்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். தென்கிழக்குக் கரையில் 94 இனங்கள் என்று கோபிநாத பிள்ளை 1986-ல் பட்டியலிட்டார். மன்னார் வளைகுடாவில் 117 என்று தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2007-ல் சொன்னார்கள். நடுவில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டினார்கள், 1998-ல் வெளிறல் வந்தது. அப்படியிருக்க 23 இனம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட முடியுமா? எல்லை வேறு, தேடிய விதம் வேறு, பெயரிட்ட முறையும் வேறு. ஒரு பட்டியலில் ஃபார்மோசா, இன்னொன்றில் முரிக்கேட்டா என்று இருந்தால், பெயரை மட்டும் ஒப்பிடும் புரோகிராம் ஒரு இனம் அழிந்தது, ஒரு இனம் புதுசாக வந்தது என்று காட்டும். இரண்டுமே பொய். 2010, 2016 வெளிறல்களில் அதிகம் அடிவாங்கியவை கிளைப் பவளங்கள். அங்கே எது போச்சு, எது மிஞ்சியது என்று சொல்லவாவது பெயர் நிலையாக இருக்கணும்.

அதனால் கடலுக்குள் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைத்து எடுக்காதீங்க. நுனியின் நெருக்கப் படம், முழுக் கூட்டத்தின் படம், ஆழம், தீவின் பெயர், அலை படும் பக்கமா மறைவுப் பக்கமா — இந்த ஐந்தும் இருந்தால் பெயரை பிறகு யாரும் திருத்திக்கொள்ளலாம்.

பெரியம்மா வீட்டுக் கிளைக்கு இதில் நுனியைத் தவிர ஒன்றுமே இல்லை. போன வாரம் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுசாக ஒட்டினேன்: ‘அக்ரோபோரா. இனம் தெரியாது. ராமேஸ்வரம் கடையில் வாங்கியது.’