அமர்த்தியா சென்னின் புல்லாங்குழலும் எங்க ஊர்த் தண்ணீரும்

அமர்த்தியா சென் 2009-ல் எழுதிய 'தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்' புத்தகத்தை ஜான் ரால்ஸுக்கான மறுப்பாகத்தான் பலரும் வாசிக்கிறாங்க. ரால்ஸ் 1971-ல் சொன்னது சுருக்கமா இதுதான்: எந்த ஊர்ல, எந்த வீட்ல பிறக்கப்போறோம்னு தெரியாம ஒரு திரைக்குப் பின்னால நின்னு சமூகத்துக்கு விதி எழுதணும். சென் கேட்பது வேற. குறையே இல்லாத சமூகத்தை வரைஞ்சு முடிக்கிறவரை காத்திருக்கணுமா? கண்ணுக்குத் தெரியுற அநியாயத்தை ஒவ்வொண்ணா குறைச்சா என்ன?

இதுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் இரண்டு சமஸ்கிருதச் சொற்கள் நமக்கும் பழக்கமானவை: நீதி, நியாயம். நீதி என்றால் அமைப்பும் விதியும் ஒழுங்கா இருப்பது. நியாயம் என்றால் மனுஷங்க வாழ்க்கையில கடைசியா என்ன நடந்தது என்பது. வழக்கு போட நாம போவது நீதிமன்றத்துக்கு. பந்தியில ஒருத்தருக்கு மட்டும் இலை போடாம விட்டா, "இது நியாயமா?"ன்னுதான் கேட்கிறோம்.

இதுவரை எனக்கு சென்னோட சண்டை இல்லை. சண்டை அவருடைய புகழ்பெற்ற புல்லாங்குழல் உதாரணத்தில்தான். ஒரு குழல், மூணு பிள்ளைகள். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும். ஒருத்தனிடம் வேற விளையாட்டுப் பொருளே இல்லை. இன்னொருத்தி அதைச் செஞ்சவள். யாருக்குக் கொடுப்பது? நல்ல கேள்வி. ஆனா கவனிங்க, மூணு பேருக்கும் தன் கோரிக்கை என்னன்னு தெரியும். வாய்விட்டுச் சொல்லவும் முடியுது.

எங்க தர்மபுரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே பாறையிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரையுது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டின தண்ணீரைச் சின்ன வயசுல குடிச்சா, முளைக்கிற பல்லிலேயே கறை விழும், பிறகு போகாது. வருஷக்கணக்கா குடிச்சா எலும்பும் மூட்டும் இறுகும். நிறம், வாசனை எதுவும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வத்துற அளவுக்கு அடர்த்திதான் கூடும்.

இண்டூர்ல வளர்ந்த எங்களுக்கு அது அநியாயமாவே தெரியலை. "இந்த ஊர்ப் பல்லு அப்படித்தான்" என்பதோட பேச்சு முடிஞ்சிடும். வெளியூர்க் கல்லூரியில "பாக்கு போடுவியா?"ன்னு கேட்டபோதுதான் அது எல்லா ஊர்ப் பல்லும் இல்லைன்னு புரிஞ்சது. தென்னிந்தியாவில் இந்த நோய் பற்றி நெல்லூரிலிருந்து 1937-லேயே மருத்துவ ஆய்வு வெளிவந்துவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோட திறக்கப்பட்டது 2013-ல். இடையில 76 வருஷம். எத்தனை தலைமுறைப் பல், எத்தனை பேரோட முழங்கால்!

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. யாரும் புகார் தரலை என்பதால் நிரல்ல பிழை இல்லைன்னு ஆகாது. புகார் கொடுக்கத் தெரியாத பயனர்தான் பல நேரம் அதிகமா அடிபடுறார்.

சென்னுக்கு இது தெரியாததல்ல. அதே புத்தகத்தில் கேரளத்தைப் பற்றிச் சொல்றார்: நீண்ட ஆயுள் உள்ள அந்த மாநிலத்தில்தான் "எனக்கு நோய் இருக்கு"ன்னு சொல்றவங்களும் அதிகம்; ஆயுள் குறைந்த பிகாரில் அப்படிச் சொல்றவங்க குறைவு. படிப்பும் மருத்துவமனையும் இருக்கிற இடத்தில்தான் நோயை நோய்னு அடையாளம் காண முடியுது. புத்தகத்திலேயே எனக்கு முக்கியமான பகுதி இதுதான். ஆனா பின்னால் வருது. புல்லாங்குழல் முன்னுரையிலேயே வந்து எல்லார் மனசிலும் தங்கிடுது.

என் குறை இதுதான். பொது விவாதத்தால் நியாயத்தை நெருங்கலாம்னு சென் நம்புறார், நானும் நம்புறேன். ஆனா விவாதத்துக்கு வர்றதுக்கே ஒரு அளவீடு வேணும். தன் தண்ணியில என்ன இருக்குன்னு தெரியுறதும் பங்கிட வேண்டிய சொத்துதான். காவிரித் தண்ணி போதாத நாள்ல வசதி உள்ளவர் கேன் வாங்குவார், இல்லாதவர் போர் தண்ணிதான். அந்தத் தண்ணியைச் சோதிச்ச கணக்கு ஊர்ச் சுவத்துல, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கணும். குழல் யாருக்குன்னு பிறகு பேசலாம். நாலாவதா ஒரு பிள்ளை பேசாம நிக்குதான்னு முதல்ல பார்ப்போம்.