டாக்காவை வாசிக்காத தோட்ட இலக்கியம்

மலேசியத் தமிழ் நாவலுக்கு உலக அரசியல் புதுசு கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டிலும் ஜப்பானியரின் போர் தோட்டத்துக்குள்ளேயே வந்து ஆள் பிடித்துக்கொண்டு போகிறது. ‘இமையத் தியாகம்’ நேதாஜியின் படையைப் பேசுகிறது. தோக்கியோவில் எடுத்த முடிவு ஒரு பால்மரத் தொழிலாளியின் உடம்பில் வந்து இறங்குவதை இவர்கள் சரியாகப் பிடித்தார்கள். பிறகு வந்த தோட்டக் கதைகளில் அரசியல் என்றால் பெரும்பாலும் துண்டாடல், குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, கட்சி. எல்லாமே நமக்கும் இந்த அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ள வழக்கு. எழுத வேண்டியவைதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்த கண்ணை எங்கே தொலைத்தோம்?

ரிங்லெட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1929ல் ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பக்கத்தில்தான். ஒரு காலத்தில் தமிழர் கூடை சுமந்த கேமரன் மலைச் சரிவுகளில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நேப்பாளிகள்.

2024 ஆகஸ்ட் 5ல் ஷேக் ஹசினா டாக்காவை விட்டு ஓடினார். வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய போராட்டம் ஆட்சியையே கவிழ்த்தது. நம் முகநூல் இலக்கியவாதிகளும் பேசத்தான் செய்தார்கள். அமெரிக்கச் சதியா, மதவாதிகள் கைக்குப் போகுமா, அங்குள்ள இந்துக்கள் கதி என்ன? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ கேட்கிற கேள்விகள். நம் பசாரில் மீன் வாங்குகிற மனிதரின் நாடு அது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அக்டோபர் 4ல் அன்வார் இப்ராஹிம் டாக்கா போனார். புதிய இடைக்கால அரசு வந்தபின் அங்கே சென்ற முதல் வெளிநாட்டு அரசுத் தலைவர் அவர். முகமட் யூனுஸ் பழைய நண்பர். இரண்டு முஸ்லிம் நாடுகளின் சகோதரத்துவம் என்று இதை வாசிப்பது சுலபம். என்ன பேசினார்கள் என்று பார்த்தால் கதை வேறு. மே 31 கெடுவுக்குள் மலேசியா வந்து சேர முடியாமல் நின்றுபோன சுமார் 18,000 தொழிலாளர்களின் பிரச்சினை அதில் முக்கியமானது.

இந்தக் கதவு எப்படித் திறந்து மூடியது பாருங்கள். 2016 பிப்ரவரி 18ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. மறுநாளே மலேசியா எல்லா வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு திறந்தது. 2018ல் இங்கே ஆட்சி மாறியதும், அதே ஆண்டு அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. 2021 டிசம்பரில் மறுபடி ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் ஊரில் நிலத்தை விற்று ஏஜண்டுக்குக் கட்டியவன்தான் நடுவில் மாட்டுகிறான். தொழுகை ஒன்று என்பதற்காக ஏஜண்ட் காசைக் குறைப்பதில்லை. ஐக்கிய அரபு சிற்றரசுகளில் 2024 ஜூலையில் ஹசினாவை எதிர்த்து ஊர்வலம் போன 57 வங்காளதேசிகளுக்குச் சிறை, அதில் மூவருக்கு ஆயுள் தண்டனை. யூனுஸ் கேட்டுக்கொண்டபின் செப்டம்பரில் மன்னிப்பு கிடைத்தது. ஊரில் ஆட்சி மாறியதால் வந்த மன்னிப்பு!

நமக்கு இது புரியாத கணக்கா? கங்காணி ஆள் கூட்டி வந்த கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1938ல் மலாயாவில் தோட்டச் சம்பளத்தைக் குறைத்ததால் இந்திய அரசாங்கம் இங்கே ஆள் அனுப்புவதைத் தடுத்தது. அப்போது நாமும் வெளியுறவுக் கோப்பில் ஓர் எண்ணிக்கை. ஆனால் இன்று நம் பேச்சில் அவன் வெறும் ‘பங்ளா’. கதைக்குள் வந்தாலும் பாதி நேரம் பெயரே இல்லாமல், நம் வேலையை எடுத்துக்கொண்டவனாகத்தான் வருகிறான். ஜப்பான்காரனின் ரயிலை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய இலக்கியத்திடமிருந்து இதை ஏற்க எனக்கு மனசு வரவில்லை.

கதைக்குச் சரக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 18 இரவு ஹசினா அரசு நாடு முழுக்க இணையத்தை வெட்டியது. வீட்டு இணைப்பு ஐந்து நாள் கழித்து அரைகுறையாக வந்தது, கைப்பேசி இணையம் 28 வரை இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டோடு பேசுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் இமோவிலும்தான். அதே நாட்களில், அரசுக்கு அந்நியச் செலாவணி போகக்கூடாது, வங்கி வழியாகப் பணம் அனுப்பாதீர்கள் என்ற பிரசாரமும் வெளிநாட்டு வங்காளதேசிகளிடையே பரவியது. சம்பளம் கையில் இருக்கிறது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்க வழியில்லை, அனுப்பினால் அந்த அரசுக்கும் போகும். மலையில் ஒருவன் இதை யோசித்துக்கொண்டே மறுநாள் கொழுந்து வெட்டப் போகிறான்.