மொட்டை மலையில் ரொலாண் பார்த்

மோன் வாந்தூ மலையடியில் இருக்கும் பெதுவான் கிராமத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் போனால் சாலை இடப்பக்கம் வளைந்து காட்டுக்குள் நுழைகிறது. அதுவரை திராட்சைத் தோட்டம், லேசான ஏற்றம். அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே சாய்வு: நூறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் உயரம். அந்த வளைவில் திரும்பும்போது ரொலாண் பார்த் என் தலைக்குள் இருந்தார். இருபது நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டார்.

2025 ஜூலை 22. தூர் த பிரான்ஸ் பந்தயம் அன்று மதியம் இதே சாலையில் ஏறப்போகிறது. ரோடு சைக்கிள் வாங்கி எனக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயதில் குரங்குப் பெடல் அடித்துக் கற்றதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

போனதற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், ஒரு கட்டுரை. பார்த் 1957-இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் இந்தப் பந்தயத்தைக் காவியமாக வாசிக்கும் கட்டுரை. வீரர்களின் பெயர்களில் தொடங்கும். ஹோமரின் வீரர்களைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு விதி. நிலப்பரப்பும் பாத்திரமாகிவிடும். அதில் வாந்தூ மலை பலி கேட்கும் தீய தெய்வம். மேலே மரமே கிடையாது, வெள்ளைச் சரளைக்கல். ‘மொட்டை மலை’ என்றே அதற்குப் பெயர் உண்டு. தெய்வம் என்று சொல்லத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. இந்தக் கட்டுரையை நான் எத்தனை பேரிடம் சிலாகித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காட்டுக்குள் தெய்வம் எதுவும் இல்லை. இருந்தது கடைசி கியர். அதற்குக் கீழே இன்னொன்று இருக்குமா என்று விரல் சும்மா அழுத்திக்கொண்டே இருக்கிறது, இல்லை. அடுத்த கிலோமீட்டர் கல், பாட்டிலில் மிச்சம் எவ்வளவு, இறங்கித் தள்ளினால் யார் பார்ப்பார்கள். மூளை இதைத் தாண்டி எங்கும் போகவில்லை. உவமை யோசிக்கவும் மூச்சு வேணும் போல.

இரண்டு தடவை இறங்கித் தள்ளினேன். இரண்டாவது தடவை, கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “முதல் தடவையா?” என்றார். தலையாட்டினேன். “நானும் ஒரு காலத்தில் ஏறினேன், முழங்கால்தான் போச்சு” என்று சிரித்தார்.

அப்போதுதான் பெட்ரார்க் ஞாபகம் வந்தது. 1336 ஏப்ரலில் தம்பியோடு இதே மலையில் ஏறியதைக் கடிதமாக எழுதியவர். வழியில் ஒரு வயதான இடையர், ஐம்பது வருஷத்துக்கு முன் ஏறினேன், கிழிந்த துணியும் வருத்தமும்தான் மிச்சம், போகாதீர்கள் என்று தடுக்கிறார். தம்பி நேராக ஏறிவிடுகிறான். பெட்ரார்க் சுலபமான வழி தேடித் தேடிக் கீழேயே சுற்றுகிறார், தன்மேலேயே எரிச்சல் படுகிறார். அந்தக் கடிதம் பல வருடம் கழித்து எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். சுலப வழி தேடும் வெட்கம் கற்பனையில் வருவதல்ல. மலை ஏறுகிறவனுக்கு பார்த்தைவிட இவர் நெருங்கிய சொந்தம்.

ஷலே ரெனார் என்ற இடத்துக்குச் சற்று முன்பு காவலர்கள் இறங்கச் சொன்னார்கள். நிம்மதி. சாலையோரம் உட்கார்ந்து சில மணி நேரக் காத்திருப்பு. முதலில் ஹெலிகாப்டர், பிறகு மோட்டார் சைக்கிள்கள், முன்னால் பிரிந்து ஓடிய சிலர். பிறகு பொகச்சாரும் விங்கெகோரும் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டியபடி. எனக்கு இரண்டரை மணி நேரம் எடுத்த ஏற்றம். அவர்களுக்கு மலை முழுவதுமே ஒரு மணி நேரத்துக்குள். அன்று மேலே ஜெயித்தது வாலந்தான் பரே-பந்த்ர் என்ற பிரெஞ்சுக்காரர் என்பதை யாரோ போனில் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதுவரைக்கும் பார்த் சொன்ன பந்தயம்தான். பெயர்களின் பந்தயம். கூட்டத்தில் பாதி கிளம்பிவிட்டது. அதன் பிறகு வந்தது வேறு: இருபது முப்பது பேர் மொத்தமாக, யாரும் யாரையும் முந்தாமல். பிரெஞ்சில் இந்தக் கூட்டத்துக்கு ‘ஓட்டோபஸ்’ என்றே பெயர். வேகமான சமவெளி வீரர்கள், தலைவனுக்காக உழைத்துத் தீர்ந்துபோனவர்கள். முதல்வன் முடித்து இத்தனை நிமிடத்துக்குள் வராவிட்டால் நாளை வேலை கிடையாது. அதனால் சேர்ந்து கணக்குப் போட்டு ஏறுகிறார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்ற முகம். பார்த்தின் காவியத்தில் இந்த பஸ்ஸுக்கு நிறுத்தம் இல்லை.

இதை மட்டும் சொன்னால் அநியாயம். பந்தயத்துக்கு அடியில் லாபம் இருப்பதைக் கட்டுரையின் முடிவில் அவரே சொல்கிறார். 1903-இல் ஒரு நாளிதழ் தன் விற்பனைக்காகத் தொடங்கியதுதானே இது. என் சண்டை வேறோர் இடத்தில். 1955-இல் ழான் மலெழாக் என்ற வீரர் இந்த மலையில் சுயநினைவின்றி விழுந்தார். ஊக்கமருந்து என்று பேச்சு, அவர் மறுத்தார். பார்த் அந்த மனிதரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்: ஊக்கமருந்து கடவுளின் தீயைத் திருடுவது, கடவுள் பழிவாங்கிவிட்டார் என்று. படிக்கும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்று அதே நூலின் பின்பகுதியில் நமக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். ஒரு மனிதன் சாலையில் விழுந்ததைத் தெய்வக் குற்றமாக்கினால் மருந்து கொடுத்தவன், ஓடச் சொன்னவன், வெயில், சம்பளம் எல்லாம் பக்கத்திலிருந்து நழுவிவிடுகின்றன. தொன்மத்தை விளக்குகிறேன் என்று அதன் மொழியிலேயே பேசிப் பேசி, அந்த இடத்தில் அவரும் பூசாரியாகிவிட்டார். பக்கத்தில் மணியடித்தவன் நான்.

மறுநாள் திரும்ப ஏறினேன். இந்த முறை காடு தாண்டி வெள்ளைக் கல்லுக்கு. உச்சிக்குச் சற்று முன் வலப்பக்கம் டாம் சிம்ப்சன் நினைவுக்கல். 1967 ஜூலை 13, கடும் வெயிலில் இங்கே விழுந்து இறந்தார், வயது 29. உடலில் ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன. அந்நாளில் வீரர்கள் எடுத்துக்கொள்ளும் தண்ணீருக்கும் அளவு வைத்திருந்தார்கள். மலெழாக்குக்கும் சிம்ப்சனுக்கும் சாலையோரத்தில் சிகிச்சை செய்த மருத்துவர் ஒருவரே, பியேர் துய்மா. பன்னிரண்டு வருட இடைவெளியில், ஒரே மலையில்.

கல்லடியில் ஏறி வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கள், தொப்பிகள். நானும் பாட்டிலைக் கையில் எடுத்தேன். கால் பங்கு இருந்தது. குடித்துவிட்டு, காலி பாட்டிலைத் திரும்பச் சைக்கிளில் செருகினேன். மேலே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.