மண்ணில்லாப் பயிரும் ஆன்மிக வேளாண்மையும்

மகாராட்டிர நாட்டவரும் 2016-ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது பெற்றவருமாகிய திரு. சுபாஷ் பாலேக்கர் அவர்கள் வகுத்த உழவு முறை ‘ஆன்மிக வேளாண்மை’ என்னும் பெயரானும் வழங்கிவருகின்றது. பீஜாமிர்தம், ஜீவாமிர்தம், மூடாக்கு, வாப்சா என்னும் நான்கும் அதற்கு உறுப்புக்களாம். மண்ணே இன்றி நீர்த்தொட்டியில் வளர்க்கும் பயிருக்கும் அம்முறை பொருந்துமோ என்பது வினா. பொருந்தும் என்பர் ஒரு சாரார். மண்ணைத் துறந்த பயிர் உயிரற்றது, அதன் மலரும் இலையும் சிவபூசைக்கு ஆகா என்பர் மற்றொரு சாரார். இருசாரார் கூற்றும் ஆராயற்பாலன. இருவரும் ஓரோர் இடத்து வழுவினர்.

பொருந்தும் என்பார்க்குப் பற்றுக்கோடு பாலேக்கர் அவர்கள் வாய்மொழியே. பயிருடம்பில் நூற்றுக்கு 98 பங்குக்குக் குறையாதது காற்று, நீர், கதிரொளி என்பவற்றால் ஆவது, மண் தருவது எஞ்சிய சிறு பங்கே என்பது அவர் பலகாலும் கூறுவது. அச்சிறு பங்கை நீரிற் கரைத்துக் கொடுப்பின் வரும் குற்றம் என்னை என்பர் இவர். இக்கருத்துப் புதியதன்று. பிரசெல்சு நகரத்து வான் ஹெல்மாண்ட் என்பார் 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் வார்த்து வந்தார். மரம் 169 இராத்தல் நிறைக்கு வளர்ந்தது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்சே குறைந்தது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. அவர் பொருட்படுத்தாது விட்ட அவ்விரண்டு அவுன்சிலே விடயம் முழுதும் அடங்கியிருந்தது. 1699-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உட்வார்டு என்பார் புதினாச் செடியை வெறு நீரிலும், தோட்டத்து மண் கலந்த நீரிலும் வளர்த்து நோக்க, மண் கலந்ததே மிக வளர்ந்தது. சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் இடையில் செருமானியராகிய சாக்சு, நோப் என்பார் உப்புக்களை அளந்து நீரிற் கரைத்து, மண்ணின்றியே செடி வளர்த்துக் காட்டினர். அதனை விளைநிலத் தொழிலாக்க முயன்றவர் கலிபோர்னியாவின் கெரிக் என்பார். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் பெயர் 1937-ஆம் ஆண்டில் அவரால் வெளியாயிற்று.

இனி, உயிரற்ற பயிர் என்பார் கூற்றை நோக்குவாம். இவர் மண் வேறு, பிருதிவி தத்துவம் வேறு என்பதை மறந்தனர். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்தம் கற்பார் முதற்கண் கேட்பது. பயிர்க்கு மண்படுகை வேரூன்றவும் ஈரம் காக்கவும் நின்ற அளவில் துணைக்காரணமே. துணைக்காரணம் மாறுதல் கூடும். பயிருடம்பாய்ப் பரிணமிக்கும் பிருதிவியோ முதற்காரணத்துட் படுவது, அது மாறாது. தொட்டி நீரிற் கரைந்த சுண்ணமும் வெடியுப்பும் பிருதிவியல்லாமல் வேறு யாவை? ஆகலின் மண்ணில்லாப் பயிர் உண்டு; பிருதிவியில்லாப் பயிர் இல்லை என்க. தருக்கம் கற்பார் இல்பொருளுக்கு ஆகாயத்தாமரையை எடுத்துக்காட்டுவர். நம் ஊர்க் குளங்களிலோ அப்பெயருடைய பூண்டு ஒன்று சேற்றைத் தொடாமல் வேரை நீரில் தொங்கவிட்டுத் தழைக்கின்றது! பூசை பற்றிய ஐயமும் இதனால் நீங்கும். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகைப் பூவையும் ஏற்கும் மரபிலே, நீரில் வளர்ந்தமை ஒன்றே பற்றி ஒரு மலரை விலக்குதற்கு விதியில்லை.

இவ்வளவிற் பொருந்தும் என்பார் வென்றார் என்று கருதற்க. விதைக்குப் பூசும் பீஜாமிர்தம் எவ்விதைக்கும் ஆகும். வேர்க்கு வேண்டுவது தேங்கிய நீரன்று, மண்துகளின் இடையே காற்றும் நீராவியும் கலந்து நிற்றலே என்பது வாப்சா. வேரை வெளியிலே தொங்கவிட்டுப் பனிபோல் நீர் தெளிக்கும் முறை அதற்கு ஒருவாறு அணித்தாம். அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் மூடாக்கு எதனை மூடும்? மூடுதற்கு நிலம் இல்லையே.

ஜீவாமிர்தமோ முற்றும் பொருந்தாது. ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் பசுஞ்சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லமும் பயற்று மாவும் இவ்விரண்டு கிலோ, ஒரு பிடி மண் சேர்த்துப் புளிக்க வைப்பது அது. அது பயிருக்கு உணவன்று. பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படி மண்ணுக்கு அது. பாலில்லாத பாத்திரத்தில் உறைமோரை வார்த்துத் தயிரை எதிர்பார்ப்பார் உளரோ? வெறுந்தொட்டியில் அதனைப் பெய்யின், சாணத்தின் சத்தைப் பயிருண்ணும் பதமாக்கும் நுண்ணுயிர்கள் தங்கி வேலை செய்யப் பற்றிடம் போதாது. நீர் அழுகும், உயிர்வளி குன்றும், வேர் கெடும். மீன் வளர்த்த நீரைக் கூழாங்கற் படுகையில் ஓட்டிப் பயிர் செய்வார்க்கு அந்நுண்ணுயிர்கள் கல்லிற் படிந்து உதவுகின்றன. அது இடைப்பட்ட நெறி. எனினும் அங்கும் மீனுக்கு இரை வெளியினின்றே வரவேண்டும்.

வேறுபாட்டின் வேர் இங்கேதான் உளது. நிலமகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றாள், உழவன் புறத்தேயிருந்து ஊட்டவேண்டா என்பது பாலேக்கர் முறையின் உயிர்நிலை. தொட்டிப் பயிருக்கோ ஒவ்வொரு சத்தையும் அளந்து ஊட்டியே தீரவேண்டும். நீரேற்றும் பொறி சிலபொழுது நின்றால் செடி வாடும். கொடாமையைக் கொள்கையாக உடைய முறையின் பெயரைக் கொடுத்தலாலேயே நிற்கும் முறைக்குச் சூட்டுதல் பெயர் மயக்கமேயாம். தொட்டியில் வளர்ப்பது குற்றமன்று. அதற்கு நீர்ப்பயிர் என்னும் நேரிய பெயரே போதும்.

‘ஆன்மிகம்’ என்னும் சொல் பாலேக்கர் முறைக்குத்தான் எவ்வளவு பொருந்தும் என்பதும் கேட்கத்தக்கது. உயிர்க்கு உறுதி பயப்பது உழவின் வகையன்று. இளையான்குடி மாற நாயனார் மழையிரவில் வயலிற் சென்று, அன்று விதைத்த நெல்லையே வாரிக் கொணர்ந்து அடியார்க்கு அமுதாக்குவித்தார். அவர் பெருமை அந்நெல் எப்படுகையில் முளைத்தது என்பதைப் பற்றியதோ?

ஓரிடத்து மட்டும் மண்ணுக்கு மாற்றில்லை. திருக்கோயில் விழாத் தொடக்கத்தில் மிருத்சங்கிரகணம் செய்து, எடுத்த அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டே அங்குரார்ப்பணம் நிகழ்த்துகின்றனர். ஆண்டு முளை மட்டும் கருமமன்று, மண்ணெடுத்தலும் கருமமே. நீரில் முளைவிக்கும் எளிமை கருதி அதனை விடுவார் உளராயின், அவர் விட்டது மண்ணையன்று, கிரியையை.