கைகளை அழைத்தோம், கருத்தை அழைத்தோமா?

கொடைக்கானல் மலையில் பிளாஸ்டிக் பொறுக்கவும் மரக்கன்று நடவும் இளைஞர்களைக் கூப்பிடுகிறோம். எந்தக் குக்கிராமத்துக்கு முதலில் குடிநீர்க் குழாய், எந்தப் பாதைக்கு முதலில் நிதி என்று முடிவெடுக்கும்போதும் கூப்பிடுகிறோமா? 1992இல் யூனிசெஃபுக்காக எழுதிய ரோஜர் ஹார்ட், இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அலங்காரத்துக்கும் பேருக்கும் அவர்களை நிறுத்துவதைக் கீழ்ப்படிகளில் வைத்து, அது பங்கேற்பே ஆகாது என்றார். இந்த மலையையும் அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

சட்டம் கதவை அடைக்கவில்லை. 18 வயதில் வாக்காளராகும் எவரும் கிராம சபை உறுப்பினர். 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். ஆண்டின் ஆறு சபைகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் விடுமுறை நாள்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளைகளும் வரக்கூடியவை. ஆனால் மலை ஊராட்சி சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் தொகுப்பு. சபையோ ஓரிடத்தில் கூடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனக் குடியிருப்புகள் தனித்தனியே சபை கூட இடம் தருகிறது. வளர்ச்சித் திட்டத்துக்கும் அந்த வழியே ஏற்றது.

“ஊரைவிட்டுப் போகிறவர்களின் முடிவை இருப்பவர்கள் சுமப்பதா?” என்ற மறுப்பு வலுவானது. ஆனால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை அடுத்த முப்பது ஆண்டுகள் பயிரிடப்போவது யார்? இளைஞர்கள் தங்குவதும் போவதும் இன்று எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை: இளைஞர் என்ற பெயரில் செல்வாக்குள்ள வீட்டு ஆண்பிள்ளைகள் மட்டும் பேசினால், பளியர் பழங்குடிப் பெண்ணின் குரல் பழையபடியே வெளியே நிற்கும்.

குரல் மட்டும் போதாது என்பதற்கு கொடைக்கானலே சாட்சி. பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2015இல் அந்த ஆலையின் பாதரச மாசைப் பற்றிப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாடல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2016இல் ஆலை நிறுவனத்துக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பாட்டுக்கு முன்பே தொழிலாளர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடியிருந்தார்கள். இளங்குரல் கவனத்தைத் திருப்பியது. தீர்வுக்கு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மன்றமும் வேண்டியிருந்தது.

ஆகவே, இன்றைய அழைப்பு போதாது. ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்பு குக்கிராமம்தோறும் இளையோர் அமர்வு நடக்க வேண்டும்; கர்நாடகத்தில் குழந்தைகளுக்கெனக் கிராம சபை நடப்பதுபோல், 18 வயது நிரம்பாதவர்களுக்கும் அதில் இடம் வேண்டும். அங்கே எழும் கோரிக்கைகளுக்கு ஊராட்சி எழுத்தில் பதில் தர வேண்டும். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கடமையை ஏற்காத ஊராட்சி, இளைஞர்களிடம் உழைப்பை மட்டுமே வாங்குகிறது.