மூச்சுக்கு ஒரு ஸ்டெப்னி

அப்பாவுக்கு சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் நோய். வீட்டில் அவருக்கு மூச்சுத் துணை ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்தான். கரண்ட் இருக்கும்வரை கவலையில்லை, போனால்? அதற்காக ஒரு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்தோம். வந்து மூன்று மாதமாகிறது. கார் ஸ்டெப்னி போல, பெரும்பாலும் சும்மாதான் நிற்கிறது. ஆனால் கை வைக்கும் நேரத்தில் காலியாக இருந்துவிடக் கூடாது.

கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், 10 லிட்டர் கொள்ளளவு, ஏறக்குறைய 15 கிலோ எடை. போர்ட்டபிள் என்கிறார்கள், தள்ளுவண்டி இல்லாமல் அறை மாற்றிப் பாருங்கள், இடுப்பு பதில் சொல்லும். கூடவே ரெகுலேட்டர், ஃப்ளோமீட்டர், தண்ணீர்க் குப்பி, மூக்கு ட்யூப், வால்வு சாவி வந்தன. வாடகைக்கு எடுக்கும்போது தோளில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் வரும்? கணக்கு எளிது. ரெகுலேட்டர் முள் பார் அளவில் காட்டும் எண்ணைக் கொள்ளளவால் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயு. 150 காட்டினால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம். மாலை 6 மணிக்குத் திறந்து சோதித்தேன்; இரவு 10 மணி தாண்டியதும் முள் 100-க்கு வந்தது. கணக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது ரீஃபில்தான். ஒருமுறை ‘ஃபுல்’ என்று இறக்கிவிட்டுப் போனதில் முள் 120-ல் நின்றது. 300 லிட்டர் குறைவு. அப்பாவின் கணக்கில் இரண்டரை மணி நேர மூச்சு. அன்றிலிருந்து முள்ளைப் பார்த்த பிறகுதான் பணம்.

திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஃப்ளோமீட்டர் திருகு மூடியிருக்க வேண்டும். பிறகு சாவியால் வால்வை மெதுவாகத் திறந்து, ஃப்ளோமீட்டர் திருகால் அதனுள் இருக்கும் குண்டின் நடுப்பகுதி 2-ஆம் கோட்டில் நிற்கும்படி வைக்க வேண்டும். டாக்டர் சொன்னது 2 என்றால் 2-தான். சிஓபிடி உள்ள சிலருக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அப்பாவுக்கு டாக்டர் குறித்த ஆக்சிமீட்டர் இலக்கு 88 முதல் 92. ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறதே என்று பதறித் திருகைக் கூட்டக் கூடாது. குப்பியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கோட்டைத் தாண்டாமல், தினமும் புதிதாக.

ஒருநாள் வால்வு இறுகிக்கொண்டது. “ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடு தம்பி, தானா வழிக்கு வரும்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பூட்டு, கீல், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் அதுதானே வைத்தியம். இங்கே அது விபரீதம். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால், நெருப்புக் குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கையோடு தொடுவதும் கூடாது. அப்பாவின் உதட்டு வெடிப்புக்குப் பூசிய வாஸ்லினையும் நிறுத்திவிட்டு, தண்ணீரில் கரையும் ஜெல்லுக்கு மாறினோம்.

ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை வெறியோடு எரிய வைக்கும். அது போர்வையிலும் சட்டையிலும் ஊறி நிற்கும். சிலிண்டரை மூடியவுடன் அப்பா எழுந்து அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவர் அறையிலிருந்து கொசுவத்தி வெளியேறி வலை வந்தது. அம்மாவின் குத்துவிளக்கும் ஊதுபத்தியும் முன்கூடத்துக்குப் போயின. சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வைத்தோம். கீழே விழுந்து வால்வு உடைந்தால் அது சிலிண்டராக இருக்காது, ராக்கெட்டாகிவிடும்.

கடையில் கிடைக்கும் கையடக்க ஆக்சிஜன் கேன் இதற்கு மாற்றா என்று கேட்காதீர்கள். 10 லிட்டர் அடைத்த கேன், 2 லிட்டர் ஓட்டத்தில் 5 நிமிடம்.

தீர்ப்பு? கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எடையைத் தவிர. குறையெல்லாம் எங்கள் பழக்கத்தில். முதல் மின்வெட்டு இரவில் கான்சன்ட்ரேட்டர் அலறியது. நான் இருட்டில் வால்வு சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல மெழுகுவத்தியோடு வாசற்படியில் நின்றார், கையில் தீப்பெட்டி. சிலிண்டர் தேவைப்படும் நேரமும் நாம் மெழுகுவத்தி ஏற்றும் நேரமும் ஒன்றேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது வால்வு சாவியும் ஒரு டார்ச்சும் ஒரே கயிற்றில், சிலிண்டர் சங்கிலியில் தொங்குகின்றன. வாடகைக்குக் கொடுத்தவர் தராத உதிரி டார்ச் ஒன்றுதான். நீங்கள் எடுத்தால் முதலில் அதை வாங்குங்கள்.