ஔவையும் ஒளவையும்

நம் சங்கங்களின் ஆண்டு மலர்களைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறை கட்டுரைகளின் கருத்தில் இல்லை, அவை வேர்டில் தட்டச்சு செய்யப்படும் விதத்தில். மேலே உள்ள தலைப்பைப் பாருங்கள். முதல் சொல் ஔ என்னும் ஓர் உயிரெழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவதில் இருப்பது ஒ, அதன் பக்கத்தில் தனியாக ஒரு ள. தாளில் வித்தியாசம் தெரியாது. மலர்களில் நான் காண்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"அச்சுல ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, என்ன கெட்டுப்போச்சு?" என்று மலர்க் குழு அன்பர் ஒருவர் கேட்டார். கெட்டது அவர் தயாரித்த உறுப்பினர் பட்டியலிலேயே இருந்தது. கௌசல்யா என்ற பெயரை ஒருவர் சரியாக அடித்திருந்தார்; அது கோமதி, கோவிந்தன் எல்லோரையும் தாண்டி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்னொரு கௌசல்யா அம்மாளின் பெயரைக் கெ, ள என்று அடித்திருந்தார்கள். அகர வரிசைப்படுத்தியபோது அவர் கெஜலட்சுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயரைத் தேடிய மகனுக்கு, அப்படி ஒருவர் இல்லை என்றே கணினி பதில் சொன்னது. முப்பது வருஷ உறுப்பினர்! மலரைக் கோப்பாக அனுப்பும் இந்நாளில் சேதம் இன்னும் அதிகம். வெளியூரில் வளரும் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பக்கத்தைக் கைப்பேசிக் குரலை வைத்துக் கேட்கிறார்கள். என் பேத்திக்கு அது "ஒ-ள-வையார்" என்றே வாசித்துக் காட்டியது. குழந்தையும் அப்படியே சொன்னாள்.

இது பழைய கைப்பழக்கம். தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு ள-வை ஒட்டினால் ஔகாரம் வந்துவிட்டது. அங்கே எழுத்து என்பது தாளில் விழும் மை மட்டுமே. யூனிகோடு வந்த பிறகு எழுத்து என்பது ஓர் எண். உருவம் ஒத்திருந்தாலும் எண் வேறானால் எழுத்தும் வேறு.

சோதிப்பது எளிது. விண்டோஸ் வேர்டில் எழுத்துக்கு வலப்புறம் கர்சரை வைத்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் எழுத்து மறைந்து அதன் குறியெண் தெரியும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். 0பி94 என்று வந்தால் (பி ஆங்கில எழுத்து) அது அசல் ஔ. போலியாக இருந்தால் ள மட்டும் எண்ணாக மாற, ஒ அப்படியே நிற்கும். உங்கள் விசைப்பலகையில் ஔ எங்கே என்று தெரியாவிட்டால், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 2964 அடியுங்கள். ஔகாரக் குறிக்கு 3020. எண் விசைகள் தனியாக இல்லாத மடிக்கணினியில், விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி 0பி94 என்று அடித்து ஆல்ட், எக்ஸ் போட்டால் போதும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா ஒள-வையும் ஒரே வீச்சில் ஔ ஆக மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். ஒளி என்ற சொல்லும் ஒ, ள என்றுதான் தொடங்குகிறது, அதுவும் கெடும். வௌவாலைத் திருத்தப் போய் வெளியும் வெள்ளியும் பாழாகும். ஔவை, கௌரி, வௌவால் என்று சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்.

இதே கோளாறு தமிழ் எண்களிலும் உண்டு. முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண் போடும் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஒன்றுக்கு க எழுத்தையும் இரண்டுக்கு உ எழுத்தையும் அடித்துவிடுகிறார்கள். எண் ௧ தனி, எழுத்து க தனி. ௧ முதல் ௯ வரை 3047 முதல் 3055 வரை. சுழியம் 2005-ல் சேர்ந்தது, அதற்கு 3046.

வேர்டின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஐரோப்பிய மொழிகளின் உச்சிக்குறிகள் பலவற்றுக்குக் கன்ட்ரோல் விசையோடு குறுக்குவழி வைத்தவர்கள், நாள், மாதம், வருடக் குறிகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் இன்செர்ட் பகுதியின் சிம்பல் பெட்டியில், குறியைத் தேர்ந்தெடுத்து நாமே குறுக்குவிசை கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺ ஆகியவை 2003-ல் யூனிகோடில் இடம்பெற்றன. 3059-ல் தொடங்கி வரிசையாக 3066 வரை. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்பது வரிசை. 2010-ல் ஏற்கப்பட்ட, நம் உதயகுமார் வரைந்த ₹ குறி வேறு, அது 8377. 2025-ல் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ரூ எழுத்தைப் போட்டபோது நாடே சர்ச்சை செய்தது. ௹ என்று ஒரு குறி பல காலமாக நம்மிடம் இருப்பதை அந்தச் சந்தடியில் நினைத்தவர் குறைவு.

தாத்தாவின் கணக்கு நோட்டைப் பேரன்மார்களுக்காக வேர்டில் ஏற்றத் தொடங்கியபோதுதான் இதெல்லாம் எனக்கே பிடிபட்டது. பக்கத்துக்குப் பத்து ௸ வருகிறது. அதற்கு ஒரு குறுக்குவிசை போட்டுக்கொண்டேன். பின்னக் குறிகள்தான் படுத்தின. முந்திரி, மாகாணி போன்றவை 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன. கணினியில் இருந்த எழுத்துருக்களில் அவை வெறும் கட்டமாக நின்றன. நோட்டோ வரிசையில் தமிழ்ச் சேர்க்கைக்கென்று தனியாக உள்ள எழுத்துருவை இறக்கிப் போட்ட பிறகுதான் மாகாணி மாகாணியாகத் தெரிந்தது.